பண்ணை முதலில், ஊர் ஐம்பது ஆண்டு கழித்து: டெக்சாஸின் கிங்ஸ்வில் உருவான விதம்

கேள்வி இது: அண்ணன் மகன் டெக்சாஸில் கிங்ஸ்வில் என்ற ஊரில் எம்.எஸ். படிக்கச் சேர்ந்திருக்கிறான். வரைபடத்தில் பார்த்தால் சுற்றிலும் மேய்ச்சல் காடு, நடுவில் கட்டம் கட்டமாக ஒரு சின்ன ஊர். அங்கே யார், எதற்காக ஊர் வைத்தார்கள்? மாட்டை நம்பி ஒரு ஊர் வளர முடியுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாட்டை மட்டும் நம்பி வளர முடியாது. அமெரிக்காவின் மிகப் பெரிய பண்ணைகளில் ஒன்றான கிங் ரேஞ்ச் அந்த இடத்தில் 1853-இலிருந்து இருக்கிறது. ஊர் வந்தது 1904-இல். இடையில் ஐம்பது ஆண்டுகள் லட்சக்கணக்கான ஏக்கர் இருந்தது, பல்லாயிரம் மாடு இருந்தது, ஆனால் ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மாட்டுக்கு நிலம்தான் நிறைய வேண்டும், ஆள் கொஞ்சம் போதும். ஊருக்கு ஆள் வேண்டும். பண்ணைக்காரர்கள் ஒரு கட்டத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, நிலத்தில் ஒரு பகுதியை மனையாகப் பிரித்து விற்பது என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவுதான் கிங்ஸ்வில்.

வரைபடத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கித் தெருப் பெயர்களைப் பாருங்கள். கிங், க்ளேபர்க், ரிச்சர்ட், ஹென்ரியெட்டா, ஆலிஸ், எல்லா, யோக்கம், லாட். ரிச்சர்ட் கிங் பண்ணையைத் தொடங்கியவர். ஹென்ரியெட்டா அவர் மனைவி. எல்லாவும் ஆலிஸும் மகள்கள். க்ளேபர்க் ஆலிஸைக் கட்டிய மருமகன். யோக்கமும் லாட்டும் ரயில் போட்டவர்கள். ஒரு வீட்டு ரேஷன் கார்டை எதிரில் வைத்துக்கொண்டு தெருவுக்குப் பெயர் வைத்தது போல இருக்கும். ஊரை யார் வைத்தார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை.

சரி, முதலாளியிலிருந்து வருவோம். ரிச்சர்ட் கிங் 1824-இல் நியூயார்க்கில் ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் நகை வேலை பழக ஒரு பட்டறையில் விட்டார்கள். பிடிக்கவில்லை. 1835-இல் ஒரு கப்பலில் ஒளிந்து ஏறித் தெற்கே ஓடிவந்துவிட்டார். கப்பல்காரர்கள் பிடித்தார்கள், ஆனால் துரத்திவிடாமல் வேலை கொடுத்தார்கள். அப்படியே படகு வேலை பழகி, நீராவிப் படகு ஓட்டும் கேப்டன் ஆனார். மெக்சிகோவோடு நடந்த போரின்போது ரியோ கிராண்டே ஆற்றுக்கு வந்தார். மிஃப்லின் கெனடி என்ற நண்பரும் அவரும் சேர்ந்து அந்த ஆற்றில் படகுப் போக்குவரத்தையே கையில் வைத்திருந்தார்கள். ஆக, டெக்சாஸின் பெயர் பெற்ற மாட்டுப் பண்ணையைத் தொடங்கியவர் மாடு மேய்த்து வந்தவர் கிடையாது. படகு ஓட்டிச் சம்பாதித்த பணம்தான் நிலமாக மாறியது.

1852-இல் கார்பஸ் கிறிஸ்டி நகரத்தில் நடந்த ஒரு சந்தைக்குக் குதிரையில் போகும்போது வழியில் சாண்டா கெர்ட்ரூடிஸ் என்ற ஓடையைப் பார்த்தார். ரியோ கிராண்டேக்கும் நூயேசஸ் ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பகுதிக்குக் காட்டுக்குதிரைப் பாலைவனம் என்றே பெயர். அங்கே தண்ணீர் ஓடும் இடம் அபூர்வம். மறு வருடமே ஓடையை ஒட்டி 15,500 ஏக்கர் வாங்கினார். விலை 300 டாலர். ஏக்கருக்கு இரண்டு சென்ட்கூட ஆகவில்லை. 1854-இல் பக்கத்தில் 53,000 ஏக்கர், 1,800 டாலருக்கு. இவை ஸ்பெயினும் மெக்சிகோவும் முன்பு குடும்பங்களுக்குக் கொடுத்த மானிய நிலங்கள். போருக்குப் பிறகு எல்லை நகர்ந்துவிட்டது, வாரிசுகள் பலர் ஆற்றுக்குத் தெற்கே மெக்சிகோ பக்கம் இருந்தார்கள். வடக்கே கொள்ளையும் சண்டையும். விலை அவ்வளவு குறைவாக இருந்ததற்கு இதுதான் காரணம். எல்லாம் முறையாகக் கிரயம் கொடுத்து வாங்கியது என்று பண்ணைத் தரப்பு சொல்லும். பத்திரம் இருந்ததும் உண்மைதான். ஆனால் விற்றவர்களுக்கு வேறு வழி எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

வில்லங்கமும் இல்லாமல் இல்லை. பண்ணையில் கிங்கின் முதல் கூட்டாளி கிடியன் லூயிஸ், இன்னொருவர் மனைவியோடு பழகியதற்காக 1855-இல் அந்தக் கணவன் கையால் சுடப்பட்டுச் செத்தார். அவருடைய பாதிப் பங்கு என்ன ஆனது என்பதில் சாப்மன் என்ற ராணுவ அதிகாரியின் குடும்பத்துக்கும் கிங்குக்கும் வழக்கு. 1883-இல் ஒரு தீர்ப்போடு அது முடிந்தது. நூறு வருடம் கழித்து, 1990-களில், அந்தக் குடும்பத்தின் வாரிசுகள் பழைய கட்டைத் தூசி தட்டி மறுபடி கோர்ட்டுக்குப் போனார்கள். எங்கள் பக்கம் நின்ற வக்கீலே அப்போது ரகசியமாகக் கிங்குக்கும் வேலை பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. 2003-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் பண்ணைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட அந்த வக்கீல்தான் பின்னால் கிங் வீட்டு மருமகனான ராபர்ட் க்ளேபர்க்.

நிலம் வாங்கியாயிற்று, மாடு மேய்க்க ஆள்? 1854-இல் கிங் மெக்சிகோவின் தாமௌலிபாஸ் மாநிலத்தில் க்ரூய்யாஸ் என்ற கிராமத்துக்கு மாடு வாங்கப் போனார். கடும் வறட்சி. இருந்த மாட்டையெல்லாம் ஊரார் அவருக்கு விற்றுவிட்டார்கள். கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் அவருக்கு உறைத்ததாம்: மாட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம், இனி இந்த ஜனங்கள் என்ன செய்வார்கள்? திரும்பிப் போய், வீடும் கூலியும் தருகிறேன், எல்லோரும் வாருங்கள் என்றாராம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சட்டி பானை, கோழி, குழந்தைகளோடு கிளம்பி வந்தார்கள். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் கிராமமே பெயர்ந்து வந்தது உண்மை. கிங்கின் ஆட்கள் என்ற பொருளில் அவர்களுக்குக் கினேன்யோ என்று பெயர் வந்தது. மகன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாக அதே பண்ணையில் அதே வேலை. மாடு மேய்ப்பதில், கயிறு வீசுவதில், குதிரை பழக்குவதில் கவ்பாய் என்று உலகம் இன்று நினைப்பதில் பெரும் பகுதி இந்த மெக்சிக்க வகேரோக்களின், அதாவது குதிரையேறி மாடு மேய்ப்பவர்களின், தொழில்தான்.

பண்ணையில் ஒரு சமூகமே இருந்தது என்றால், அது ஊர் இல்லையா? இல்லை. ஒரே முதலாளி, ஒரே கடை, வீடும் அவருடையது. வெளியாள் வந்து இடம் வாங்கிக் கடை போட முடியாது. வேலை போனால் வீடும் போகும். ஊர் என்றால் யாரையும் கேட்காமல் ஒருவன் வந்து இடம் வாங்கிக் குடியேற முடிய வேண்டும். அதற்கு இன்னும் ஐம்பது ஆண்டு இருந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தெற்கத்தியப் பருத்தி மெக்சிகோ வழியாக வெளியே போக இந்தப் பண்ணை ஒரு முக்கியமான நிறுத்தம். கிங் அதில் நன்றாகச் சம்பாதித்தார். போர் முடிந்ததும் மாட்டுக்கு வடக்கே கிராக்கி. 1869 முதல் 1884 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளை மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டு போய் வடக்குச் சந்தைகளில் விற்றார்கள். இந்த மந்தை ஓட்டத்தால் ரயில் ஏற்றும் இடமான கான்சாஸின் அபிலீன் போன்ற ஊர்கள் செழித்தன. மாடு கிளம்பும் இடத்தில் ஊர் வரவில்லை, ரயில் நிற்கும் இடத்தில் வந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிங் 1885 ஏப்ரலில் சான் அண்டோனியோவில் மெங்கர் ஹோட்டலில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். மனைவி ஹென்ரியெட்டாவுக்கு விட்டுப்போனது 6 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம், கூடவே 5 லட்சம் டாலர் கடன். ஹென்ரியெட்டா ஒரு பிரஸ்பிடீரியன் பாதிரியாரின் மகள். கண்டிப்பானவர். கணவர் இறந்த பிறகு நாற்பது வருடமும் கறுப்பு உடைதான். ஊர் உண்டான கதையில் மையமான ஆள் இவர். நிர்வாகத்தை நடத்தியது ராபர்ட் க்ளேபர்க். எதிர்க்கட்சி வக்கீலாக நின்று தன்னையே ஒரு வழக்கில் தோற்கடித்த இளைஞனை, 1881-இல் கிங் தன் வக்கீலாகவே வைத்துக்கொண்டார் என்பது பண்ணையில் சொல்லும் கதை. 1886-இல் அவர் ஆலிஸை மணந்தார்.

க்ளேபர்க் முன்னால் மூன்று தலைவலிகள் இருந்தன. மூன்றும் தீர்ந்த பிறகுதான் ஊருக்கு வழி பிறந்தது.

முதலாவது உண்ணி. தெற்கு டெக்சாஸ் மாடுகள் உண்ணி கடித்துக் கடித்துப் பழகிப்போனவை. நோயைச் சுமந்தாலும் படுக்காது. அவை வடக்கே போனால் அங்கே இருக்கும் மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வடக்கத்தியப் பண்ணைக்காரர்கள் இதை டெக்சாஸ் காய்ச்சல் என்றார்கள். டெக்சாஸ் மாடே வராதே என்று பல மாநிலங்கள் தடை போட்டன. உண்ணிதான் நோயைக் கடத்துகிறது என்று தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-இல் ஆதாரத்தோடு காட்டினார்கள். ஒரு பூச்சி வழியாக நோய் பரவுகிறது என்று நிரூபித்த மிக முந்தைய ஆய்வுகளில் இது ஒன்று. மலேரியாவில் கொசுவின் பங்கை ரொனால்டு ராஸ் காட்டியது இதற்குப் பிறகுதான். க்ளேபர்க் அரசு விஞ்ஞானிகளோடு சேர்ந்து பண்ணையில் ஒரு குளியல் தொட்டி கட்டினார். குறுகலான நீண்ட குழி. ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கும், மறுபக்கம் சரிவாக ஏறும். குழி நிறைய மருந்து. மாடுகளை வரிசையாக ஒடுக்கமான வழியில் விரட்டினால், ஒவ்வொன்றும் தொப்பென்று விழுந்து, முங்கி, நீந்தி, எதிர்ப்பக்கம் ஏறி உதறிக்கொண்டு போகும். மாடுகளுக்கான குளியல் தொட்டிகளில் இதுவே முதல் என்று சொல்கிறார்கள்.

இரண்டாவது தண்ணீர். 1890-களில் மழை பொய்த்தது. மாடுகள் கூட்டமாகச் செத்தன. சாதாரணக் கிணறும் காற்றாலையும் போதவில்லை. 1899-இல் பெரிய இயந்திரம் வைத்து நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு ஆழ்துளைக் கிணறு போட்டபோது, பம்ப் இல்லாமலே தண்ணீர் தானாகப் பீறிட்டு வந்தது. ஆர்ட்டீசியன் ஊற்று. அதைப் பார்த்து க்ளேபர்க் கண் கலங்கினார் என்று குடும்பத்தில் சொல்வார்கள். நியாயம்தான். மாடு பிழைத்தது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், ஏக்கர் கணக்கில் மட்டுமே விலை போன காட்டை இனி விவசாய நிலம் என்று சொல்லி விற்கலாம்.

மூன்றாவது ரயில். கார்பஸ் கிறிஸ்டிக்குத் தெற்கே எல்லை நகரமான பிரவுன்ஸ்வில் வரை ரயிலே கிடையாது. நடுவில் மணல் காடு, ஆள் இல்லை, சரக்கு இல்லை. எந்த ரயில் கம்பெனியும் வரத் தயாராக இல்லை. அப்போது நிலக்காரர்களே இறங்கினார்கள். யுரையா லாட் ஏற்கெனவே கார்பஸ் கிறிஸ்டியிலிருந்து லரீடோவுக்குப் பாதை போட்ட அனுபவசாலி. அதற்கும் கிங்கும் கெனடியும்தான் பணம் போட்டிருந்தார்கள். பெஞ்சமின் யோக்கம் பெரிய ரயில் நிறுவனங்களை நடத்தியவர். 1903-இல் செயின்ட் லூயிஸ், பிரவுன்ஸ்வில் அண்ட் மெக்சிகோ ரயில்வே என்ற கம்பெனி பதிவானது. பாதைக்கு இடம் இலவசம், மேற்கொண்டு பரிசாகவும் நிலம் என்று பண்ணைக்காரர்கள் கொடுத்தார்கள். தர்மம் ஒன்றும் இல்லை. பத்தில் ஒரு பங்கு நிலத்தைக் கொடுத்தாலும் மிச்சத்தின் மதிப்பு பல மடங்கு ஏறும் என்பது எந்த ரியல் எஸ்டேட்காரருக்கும் தெரிந்த கணக்கு.

பண்ணைத் தலைமையகத்துக்குக் கிழக்கே மூன்று மைலில் ஊருக்கு இடம் குறித்தார்கள். க்ளேபர்க் டவுன் அண்ட் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி என்று ஒன்று ஆரம்பித்து லேஅவுட் போட்டார்கள். 1904 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர நாளன்று, முதல் பயணிகள் ரயில் வந்தது. அந்த நாளையே ஊரின் பிறந்த நாளாக வைத்துக்கொண்டார்கள். மனை வாங்கியவர்களின் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: இந்த இடத்தில் சாராயம் விற்கக் கூடாது. ஹென்ரியெட்டாவின் பிடிவாதம் அது. மாடு மேய்ப்பவர்கள் என்றால் சலூன், துப்பாக்கிச் சண்டை என்று சினிமாவில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். இந்தக் கவ்பாய் ஊர் பிறக்கும்போதே மதுவிலக்கோடு பிறந்தது.

மனை விற்பதோடு நிற்காமல் மற்றதையும் குடும்பமே போட்டது. ஐஸ் தொழிற்சாலையும் அரைவை ஆலையும் சேர்ந்த ஒரு கம்பெனி, மின்சாரம், மரக்கடை, பத்திரிகை அச்சகம். பாப்டிஸ்ட், மெத்தடிஸ்ட், எபிஸ்கோபல், கத்தோலிக்கர் என்று எல்லோருக்கும் கோயில் கட்ட ஹென்ரியெட்டா இடம் கொடுத்தார். தன் பிரஸ்பிடீரியன் சபைக்குக் கட்டடமே கட்டிக் கொடுத்தார். உயர்நிலைப் பள்ளியும் அவர் கட்டிக் கொடுத்ததுதான். மெக்சிக்க மாணவர்களுக்கான ஒரு தொழிற்பள்ளிக்கும் நிலம் தந்தார். நல்ல மனசு என்று சொல்லலாம். பள்ளியும் கோயிலும் இல்லாத லேஅவுட்டில் குடும்பஸ்தன் மனை வாங்க மாட்டான் என்றும் சொல்லலாம். இரண்டும் சேர்ந்தே இருந்தன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வாங்க வந்தவர்கள் யார்? நடு மேற்கு மாநிலங்களின் விவசாயிகள். குளிர்காலத்தில் நிலத் தரகர்கள் தனி ரயிலில் கூட்டம் கூட்டமாக அழைத்து வந்து, பனி இல்லாத வானத்தையும் ஊற்றுத் தண்ணீரையும் காட்டி விற்றார்கள். கோடையில் அழைத்து வந்திருந்தால் பாதிப் பேர் அடுத்த ரயிலில் திரும்பியிருப்பார்கள்! பருத்தியும் காய்கறியும் போட்டார்கள். ஆனாலும் ஆரம்ப நாளில் ஊரைத் தூக்கி நிறுத்தியது விவசாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ரயில் கம்பெனி தன் தலைமை அலுவலகத்தையும் பழுது பார்க்கும் பட்டறைகளையும் கிங்ஸ்வில்லில் வைத்தது. மாதச் சம்பளக்காரர்கள் வந்தார்கள். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் சம்பளம் வரும், கடைக்காரனுக்கு வியாபாரம் நடக்கும். 1911-இல் கிங்ஸ்வில் நகராட்சி ஆனது. 1913-இல் நூயேசஸ் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) பிரித்துத் தனிக் கவுண்டி ஆக்கினார்கள். பெயர் க்ளேபர்க் கவுண்டி. மருமகன் பெயரே என்று நினைப்போம், அதிகாரபூர்வமாக அது அவருடைய அப்பாவின் நினைவாக, 1836-இல் சான் ஹசின்டோ போரில் சண்டை போட்டவர். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெயர், வசதிதான்.

இந்த வளர்ச்சியில் எல்லோருக்கும் ஒரே பங்கு கிடைத்துவிடவில்லை. புதிதாக வந்த வெள்ளைக்கார விவசாயிகளுக்கும் தலைமுறைகளாக இருந்த மெக்சிக்க வம்சாவளியினருக்கும் இடையே உரசல் அதிகமானது. 1915 ஆகஸ்டில் பண்ணையின் நோரியாஸ் பிரிவைக் கலகக்காரர்கள் தாக்கினார்கள். அதற்குப் பழி வாங்குவதாகச் சொல்லி மாநிலக் காவல் படையான டெக்சாஸ் ரேஞ்சர்களும் கும்பல்களும் அந்த எல்லைப் பகுதி முழுக்க நூற்றுக்கணக்கானவர்களை விசாரணையில்லாமல் கொன்றார்கள். 1919-இல் சட்டமன்ற உறுப்பினர் கனாலேஸ் முயற்சியில் ரேஞ்சர்கள் மீது விசாரணையே நடந்தது. ஊர் வைத்த பெருமையைச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவது வழக்கம்.

1925 மார்ச் 31-இல் ஹென்ரியெட்டா இறந்தார், வயது 92. சவ ஊர்வலத்தில் பண்ணையின் முத்திரை குத்திய குதிரைகளில் 200 வகேரோக்கள் கூட வந்தார்கள். குழிக்கு அருகில் வந்ததும் ஒவ்வொருவரும் குதிரையை மென்னடை ஓட்டத்தில் ஒரு முறை சுற்றி ஓட்டினார்கள். வேறு எந்த மரியாதையையும்விட அந்த அம்மாளுக்கு அது பொருத்தமாக இருந்திருக்கும்.

அதே 1925-இல்தான் அவர் இடம் கொடுத்த சவுத் டெக்சாஸ் ஸ்டேட் டீச்சர்ஸ் காலேஜ் திறந்தது. 1917-லேயே அனுமதி கிடைத்தும் முதல் உலகப் போரால் தள்ளிப்போயிருந்தது. 1929-இல் அது கலை, தொழில் கல்லூரி ஆகி, பின்னால் டெக்சாஸ் ஏ அண்ட் ஐ பல்கலைக்கழகம் என்ற பெயரில் நெடுநாள் இருந்தது. 1993 முதல் டெக்சாஸ் ஏ அண்ட் எம், கிங்ஸ்வில். இந்தியாவிலிருந்து பொறியியல் மேல்படிப்புக்கு நிறையப் பேர் போகும் கல்லூரி என்பதால்தான் இந்த ஊர்ப் பெயரே நம்மில் பலர் காதில் விழுகிறது.

அப்புறம் எண்ணெய். ஹென்ரியெட்டா இறந்ததும் பாகப்பிரிவினை, வாரிசு வரி, கடன் என்று பண்ணை திணறியது. 1933-இல் ஹம்பிள் ஆயில் கம்பெனிக்கு, அதாவது இன்றைய எக்ஸான் மொபிலின் முன்னோடிக்கு, எண்ணெய் தேடும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். பண்ணை உடையாமல் ஒரே துண்டாகத் தப்பியதில் அந்தக் குத்தகைக்குப் பெரிய பங்கு. 1942-இல் கடற்படை விமானத் தளம் வந்தது. போர் முடிந்ததும் மூடி, 1951-இல் மறுபடி திறந்தார்கள். கடற்படையின் போர் விமானிகள் இன்றும் அங்கே பயிற்சி எடுக்கிறார்கள். மக்கள்தொகையைப் பார்த்தால் விஷயம் புரியும். 1940-இல் 8 ஆயிரத்துக்கும் குறைவு. 1960-இல் ஏறத்தாழ 25 ஆயிரம். இருபது வருடத்தில் மும்மடங்கு! அந்த இருபது வருடத்தில் மாடு மும்மடங்கு ஆகவில்லை. 2020 கணக்குப்படி 25,402. அறுபது வருடமாக ஊர் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இதற்காக மாட்டை ஒதுக்கிவிட முடியாது. ஊருக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது மாடுதான். அதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஷார்ட்ஹார்ன் போன்ற ஆங்கிலேய இனங்கள் கறிக்கு நல்லவை, ஆனால் அந்த வெயிலிலும் உண்ணியிலும் தவித்தன. ஓங்கோல், காங்கிரேஜ், கிர் போன்ற இந்திய மாடுகளுக்கு வெயிலும் உண்ணியும் பொருட்டில்லை. டெக்சாஸின் வேறொரு பண்ணையை நிர்வகித்த ஏ. பி. போர்டன் என்பவர் 1906-இல் பம்பாயிலிருந்து ஒரு மந்தையையே கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார். இப்படிப் போன மாடுகளின் கலப்பில்தான் அமெரிக்கப் பிராமன் இனம் உண்டானது. கிங் ரேஞ்சில் அந்த ரத்தத்தை ஷார்ட்ஹார்னோடு சேர்த்துப் பார்த்தார்கள். 1920-இல் மங்கி என்ற செந்நிறக் கன்று பிறந்தது. அதை வைத்துப் பெருக்கிய இனம்தான் சாண்டா கெர்ட்ரூடிஸ்: எட்டில் மூன்று பங்கு பிராமன், ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன். 1940-இல் அமெரிக்க வேளாண் துறை இதைத் தனி இனமாக ஏற்றது. ஓடையின் பெயர் மாட்டுக்கு வந்துவிட்டது. இதே பண்ணைக்கு வேட்டைக்காகக் கொண்டுவந்த நம் ஊர் நீல்காய் மான்கள் இன்று தெற்கு டெக்சாஸ் காடுகளில் ஆயிரக்கணக்கில் திரிகின்றன. அந்தக் காட்டில் அடர்ந்திருக்கும் மெஸ்கீட் மரமோ நம் சீமைக் கருவேலத்தின் ஒன்றுவிட்ட தம்பி. மாடு காயைத் தின்று விதையைப் பரப்பும் வேலையும் அதே மாதிரிதான்.

பார்க்க ஆசை இருந்தால், 1904-இன் ரயில் நிலையம் இப்போது சிறு அருங்காட்சியகம். பழைய ஐஸ் தொழிற்சாலைக் கட்டடத்தில் பண்ணையின் அருங்காட்சியகம். க்ளேபர்க் அவென்யூவில் 1909-இன் ராக்லண்ட் கடைக் கட்டடத்தில் பண்ணையின் சேணக் கடை நடக்கிறது. பண்ணை இன்றும் 8,25,000 ஏக்கர், அதாவது 3,300 சதுர கிலோமீட்டருக்கு மேல். ரோட் ஐலண்ட் மாநிலத்தைவிடப் பெரியது.

இதெல்லாம் கிங்ஸ்வில்லுக்கு மட்டும் ஏன் நடந்தது என்று கேட்டால், பக்கத்து ஊரான சாரிட்டாவைப் பார்க்கச் சொல்வேன். கிங்கின் பழைய கூட்டாளி கெனடியின் குடும்பமும் (அதிபர் கெனடிக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை) தெற்கே பெரும் பண்ணை வைத்திருந்தது. அதே ரயில் பாதை, அதே 1904. அவர்களும் தங்கள் வீட்டுப் பெண் பெயரில் ஒரு ஊர் வைத்தார்கள். அங்கே மணல் அதிகம், விவசாயத்துக்கு ஆள் வரவில்லை. ரயில் பட்டறை வரவில்லை, கல்லூரி வரவில்லை, விமானத் தளம் வரவில்லை. பெயருக்குரிய சாரிட்டா கெனடி ஈஸ்ட் 1961-இல் வாரிசில்லாமல் இறந்தார். சொத்துக்காக நீண்ட காலம் வழக்கு நடந்து, கடைசியில் பெரும் பகுதி அறக்கட்டளைக்குப் போனது. நிலம் துண்டு துண்டாகப் பிரியவே இல்லை. சாரிட்டா இன்றும் கெனடி கவுண்டியின் தலைநகரம்தான். நீதிமன்றம் உண்டு, பள்ளி உண்டு. 2020 கணக்கெடுப்பில் அந்தக் கவுண்டி முழுவதுக்கும் சேர்த்து மக்கள்தொகை 350.